இருபத்தெட்டுக் கட்டு

ஒஷாவாவில் ஒட்டு வீடு.
ஒரே முகடு, இரண்டு சொந்தக்காரர்.
புவனேந்திரன் தன் பாதியை மட்டும் அளக்கச் சொன்னார்.
"மற்றப் பாதியைப் பற்றிக் கதைக்க வேண்டாம் தங்கச்சி.
வேலித் தகராறு. ஆறு வருஷம்."

ஐப்பசிக் குளிர். அலுமினிய ஏணி
கையுறைக்குள்ளும் கடிக்கிறது.
நாடாவின் நுனியை ஓரத் தகரத்தில் கொளுவி இழுத்தேன்:
இருபத்தொன்றுக்கு முப்பத்திரண்டு.
இது காகிதத்தில் படுத்துக் கிடக்கிற கூரை.
உண்மையான கூரை முதுகை நிமிர்த்தி நிற்கிறது,
பன்னிரண்டு அடி போனால் ஆறு அடி ஏறுகிறது.
அந்த ஏற்றத்துக்கும் விலை உண்டு:
அறுநூற்று எழுபத்திரண்டு சதுர அடி
எழுநூற்று ஐம்பத்தொன்றாகிறது.
வெட்டி எறிவதற்குப் பத்து வீதம் கூட்டினால்
இருபத்தைந்து கட்டு சிங்கிள்ஸ்.
இறவாரத்துப் பனிக்கட்டி உள்ளே ஊறாமல்
பிசின் சுருள் ஒன்று. ஆணி ஒரு பெட்டி.

எளிய கணக்கு.
எல்லையில்தான் சிக்கியது.
முகட்டிலிருந்து இருபுறமும் பதினெட்டு அடிக்கு
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
விரல் கோர்த்துக் கிடக்கின்றன;
இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் அடித்தவனுக்கு
வேலியைப் பற்றி ஒன்றும் தெரியாது.
ஃபெரெய்ராவின் பக்கத்தில் ஓரமெல்லாம்
பொரித்த அப்பளம். ஒன்றைத் தொட்டேன்,
கையோடு வந்தது.
கோடு கிழித்து வெட்டினால்
முதல் மழை அந்தக் கோட்டைத்தான் தேடி வரும்.

காற்றுத் திரும்பியது. ஏணி கீச்சிட்டு, பிறகு அசையவில்லை.
குனிந்து பார்த்தேன். கீழ்ப்படியை
ஒரு பழைய சப்பாத்து அழுத்திக்கொண்டிருந்தது.
ஃபெரெய்ரா. கையில் கோப்பிக் கோப்பை.
அண்ணாந்து பார்க்கவில்லை.
நான் இறங்கியதும் காலை எடுத்துக்கொண்டு
போய்விட்டார்.

காருக்குள் இருந்து திரும்பவும் எழுதினேன்.
அந்தப் பக்கம் மூன்று அடி அகலம், முப்பத்தாறு அடி நீளம்:
இன்னும் மூன்று கட்டு.
எந்தத் தலைப்பில் போடுவது?
'கழிவு' என்று எழுதினேன். அடித்தேன்.
'பக்கத்து வீடு' என்றே எழுதினேன்.

புவனேந்திரன் கண்ணாடியைப் போட்டு
இரண்டு தரம் வாசித்தார்.
அந்த வரியில் பேனா நின்றது.
குளிர்சாதனப் பெட்டி ஒருமுறை உறுமி ஓய்ந்தது.

"அவன்ரை கூரை என்ன நிறம்?"

"மங்கின மண்ணிறம். இப்ப அது வாறதில்லை."

"கிட்டத்தட்ட?"