தவறியவை எத்தனை

செயின்ட் ஜான்ஸில் இரவு பத்தேமுக்கால்.
துறைமுக வாயிலில் மூடுபனிச் சங்கு
நிமிடத்துக்கு ஒன்றாக ஊதுகிறது.
கப்பல் எதுவும் இருக்கிறதா என்று
அதற்குக் கவலையில்லை.

டெஸ் லிண்ட்னர் அனுப்பிய பேட்ச், மூன்றாம் பதிப்பு.
ஆணா பெண்ணா தெரியாது.
அடிலெய்டாக இருக்கவேண்டும்,
தேதிக்குப் பின்னால் நிற்கிறது கூட்டல் பத்தரை.
இங்கே கழித்தல் மூன்றரை.
உலகம் முழுமணிக் கணக்கில் சுற்ற
அரைமணி பிசகி நிற்கும் ஊர்க்காரர்கள் நாங்கள்.

கெர்னலில் டிரேஸிங் பகுதி,
என் பொறுப்பில் நாலாயிரத்துச் சொச்சம் வரி.
விளக்க ஆரம்பித்தால் விருந்தில் பக்கத்து நாற்காலி காலியாகிவிடும்:
இயந்திரத்துக்குள் நடப்பதை
அது நடக்கையிலேயே குறித்துக்கொள்வது.
அணைத்து வைத்தால் இருப்பதே தெரியக்கூடாது.
போட்டால், பார்க்கிற பாரம்
பார்க்கப்படுவதன் மேல் விழக்கூடாது.
விழும். கொஞ்சம் விழத்தான் செய்யும்.

குறிப்புகள் போய்ச் சேருமிடம் ஒரு வளையம்.
நிறைந்துவிட்டால் காத்திராது,
பழசின் மேல் புதுசை எழுதிக்கொண்டு போகும்.
அதில் தப்பில்லை, அப்படித்தான் கட்டினோம்.
வாசிக்க வருபவர் தாமதமாக வந்தால்
இத்தனை தவறிவிட்டன என்று
ஒரு எண் சொல்ல வேண்டும், அவ்வளவே.

அந்த எண் வருவதில்லை என்கிறது பேட்ச்,
வாசிக்கும் பக்கமும் எழுதும் பக்கமும்
இடம் மாறிக்கொள்ளும் கணத்தில் மட்டும்.
குறிப்புகள் தோளோடு தோள் நிற்கின்றன,
நடுவில் எதுவுமே நடக்காதது போல.

முதல் பதிப்பை நான் திருப்பியனுப்பியது ஒரு பூட்டுக்காக:
இன்டரப்ட் உள்ளே புகுந்தால் தன் சாவிக்குத் தானே காத்துத் தொங்கும்.
இரண்டாவதை, டேப் இருக்கவேண்டிய இடத்தில் எட்டு ஸ்பேஸுக்காக.
அற்பம் என்று டெஸ் நினைத்திருக்கலாம். அற்பம்தான்.
மூன்றாவதில் பூட்டில்லை, ஸ்பேஸில்லை.
ஒரே ஒரு வரி கூடியிருக்கிறது.
கீழே, பிழை புகுந்த இடம் இது என்று
பன்னிரண்டு இலக்கத்தில் ஒரு குறி.
யாருடையது என்று சொல்லவில்லை. நாகரிகம்.

திறந்தேன்.
ஆறு வருஷத்துக்கு முந்தைய பிப்ரவரி,
அதிகாலை இரண்டு ஐம்பத்திரண்டு.
"தேவையற்ற எண்ணிக்கையை நீக்குதல். செயலில் மாற்றமில்லை."
அங்கயற்கண்ணி வேலுச்சாமி.
என் முழுப்பெயரை இங்கே யாரும் கூப்பிடுவதில்லை.
நேரத்துக்குப் பின்னால்
கூட்டல் ஐந்தரை.

அந்தக் குளிர்காலம் முழுக்க
இதே மேசையில் இருந்ததாகத்தான் எண்ணியிருந்தேன்.
ஐந்தரை என்கிறது பதிவு.
மதுரை. டவுன்ஹால் ரோட்டில் லாட்ஜ்.
சுற்றும்போதெல்லாம் எதையோ தட்டிய ஃபேன்.
விடிந்தால் குடும்பநல நீதிமன்றம், பதினொன்றாவது கேஸ்,
இரண்டு கையெழுத்து.
வெளியே வந்து இருவரும் ஒரே கடையில்
தனித்தனியாகக் காசு கொடுத்து டீ குடித்தோமா?
குடித்த மாதிரிதான் இருக்கிறது.
அடுத்த குறிப்பு: டொராண்டோவில் பெட்டி வந்து சேரவில்லை.

நான் எடுத்த வரியை மறுபடி வாசித்தேன்.
நல்ல வரி.
அன்று சரிபார்த்தவர்கள் இரண்டு பேர்,
இருவரும் சரியென்றே கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

பழைய மெஷினில் டெஸ்ஸின் பேட்சைப் போட்டு
வளையத்தை வேண்டுமென்றே சுருக்கி
நிகழ்வுகளை வெள்ளமாகத் திறந்துவிட்டேன்.
தவறியவை: 3117.
மறுபடி. தவறியவை: 2940.
நேற்றுவரை இந்த இடத்தில் ஒன்றுமே வராது.

பதில் எழுதினேன்:
விளக்கத்தில் 'எப்போதாவது' வேண்டாம், எப்போது என்று எழுதவும்.
மற்றபடி சரி.
அந்த வரியை எடுத்தது நான். எடுத்திருக்கக்கூடாது.
கடைசி இரண்டு வாக்கியங்களையும் அழித்தேன்.
திரும்பப் போட்டேன்.

பதினொன்று நாற்பது, கழித்தல் மூன்றரை.
அடிலெய்டில் மறுநாள் மதியம்.
டெஸ் சாப்பிடப் போயிருக்கலாம்.
சங்கு ஊதுகிறது.
இதற்கு நடுவே எத்தனை முறை ஊதியதென்று
நான் எண்ணவில்லை.