பதினெட்டாவது மக்

செம்புதாஸ் தெருக் கடையில் நான் விற்பது
மழைபோல் கொட்டும் ஷவர்.
சாப்பாட்டுத் தட்டு அகலம், குரோம் பூச்சு,
ஒரு குளியலுக்கு எங்கள் வீட்டு ரெண்டு நாள் தண்ணீர்.
அதைக் குறைத்துத் தரும் சல்லடை முனையும் இருக்கிறது,
பொத்தானளவு, நூற்றுப்பத்து ரூபாய்.
"பூமிக்கு நல்லது சார்" என்பேன்.
சார் ஷவரை மட்டும் பில் போடச் சொல்வார்.
தூசி ஏறிய டப்பாவிலிருந்து ஒன்றை
என் கணக்கில் எழுதி எடுத்து வந்தேன்.

காசிமேட்டில் எங்கள் பாத்ரூம்
நாலடிக்கு மூணடி.
கதவு சாத்த வேண்டுமென்றால்
பக்கெட்டைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும்.
முனையைத் திருகி மாட்டினேன்.
திறந்தேன்.
குழாய் ஒருமுறை இருமியது, அவ்வளவுதான்.
"தண்ணியே வராத கொழாய்க்கு
இன்னாத்துக்குய்யா தொப்பி?" என்றாள் ஜெசிந்தா.

ஃப்ளஷ் டேங்க்கில் மணல் பாட்டில் போட்டால்
தடவைக்கு ஒரு லிட்டர் மிச்சமாம்.
எங்கள் ஃப்ளஷ் டேங்க்கில்
பிளேடும் பழைய பிரஷும் இருக்கின்றன.

விடுவேனா.
ஷாம்பு பாக்கெட்டை நிறுத்தினேன்,
கொடுங்கையூர் குப்பைமலைக்கு
நம் வீட்டிலிருந்து தினம் நாலு எதற்கு என்று.
மின்ட்டில் ஒரு கிலோ சீயக்காய்.
மூன்றாம் நாள் டெரிக்கின் தலை
தேங்காய் நார்.
பள்ளிக்கூடத்தில் என்ன சொன்னார்களோ,
மறுநாள் அவன் பையில் ஒரு பாக்கெட்,
நான் பார்க்காததுபோல் இருந்தேன்.

கடைசியாகக் கணக்கு.
லாரி ஒருநாள் விட்டு ஒருநாள், ஆறு குடம்.
கதவில் சாக்பீஸால் மூன்று பெயர்,
எத்தனை மக் என்று எதிரில் கோடு.
டெரிக் ஆறு. (பொய். காலை மட்டும் நனைக்கிறான்.)
நான் ஒன்பது.

ஐந்தரைக்கு அவள் வந்தாள்,
எறா உரிக்கும் ஷெட்டிலிருந்து.
ஐஸில் ஊறிய விரல் பத்தும் வெளுத்து,
செருப்பைக்கூட வாசலில் விடாமல் நேரே உள்ளே.
நான் வெளியே நின்று எண்ணினேன்.
பன்னிரண்டு. பதின்மூன்று.
"எண்ணாத" என்றாள் உள்ளிருந்து.
மனதுக்குள் எண்ணினேன்.
பதினாறு. நின்றது.
உள்ளங்கையை முகர்ந்து பார்க்கிறாள் என்பது
சத்தம் இல்லாததிலேயே தெரிந்தது.
பதினேழு. மறுபடி சோப்பு.

போன மாதம் பஸ்ஸில்
பக்கத்து சீட்டுக்காரி எழுந்துபோய் நின்றுகொண்டதை
அவள் எனக்குச் சொல்லவில்லை.
டெரிக்தான் சொன்னான்.

பதினெட்டாவது மக் விழும்போது
கதவில் அவள் பெயரை
சட்டைக் கையால் துடைத்துக்கொண்டிருந்தேன்.
என் ஒன்பதை ஏழாக்கினேன்.

தலையில் துண்டோடு வெளியே வந்தவள்
கதவைப் பார்த்தாள், என் சட்டைக் கையைப் பார்த்தாள்,
ஒன்றும் கேட்கவில்லை.
"உள்ள ஒரு பேசின் இருக்கு,
கடைசியா அலசுன தண்ணி.
கக்கூசுக்கு ஆவும், கொட்டிடாத."

ராத்திரி அதை மொண்டு ஊற்றினேன்.
மக்கின் விளிம்பில் எறாலின் மீசை ஒன்று,
முடியைவிட மெல்லியது,
ஒட்டிக்கொண்டு போக மறுத்தது.
அதற்கென்று இன்னொரு மக்
செலவழிக்க மனசு வரவில்லை.
விரலால் எடுத்தேன்.