பின்சில்லுச் சத்தம்

ஒழுங்கைக்குள் கிறுகினால் போதும்,
கடக் கடக் என்று பின்பக்கம் பேசத் தொடங்கிவிடும்.
கத்தரிக்காய் மூட்டையும் வெற்றிலைக் கூடையுமாய்ப்
பதினெட்டு வருடம்
களுதாவளையில் இருந்து சந்தைக்கு ஓடிய டொல்பின் வேன்.
நிற்கும்போதும் இடப்பக்கம் சரிந்து
யாரோ கூப்பிட்டதைக் கேட்பது மாதிரி நிற்கும்.
ஏறுகிறவர்கள் கேட்பார்கள்:
"அண்ணே, கழண்டு விழாதே?"

தவமலர் மட்டும் சொல்வாள்:
"ஓடுதுதானே. இப்ப என்னத்துக்கு மாத்துற?"
காசுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

மறுகா ஒரு ஞாயிறு,
கல்முனையில் வாங்கிய சொக் அப்சோபர் இரண்டும்
ரப்பர் புஷ் பன்னிரண்டும்
உரச் சாக்கில் இருந்து வெளியே வந்தன.
ஜக்குக்குக் கீழே பலகை போட்டேன்.
மணல் அதைப் பாதி விழுங்கியது.
இன்னொரு பலகை, பழைய கதவின் பாதி.
முன்சில்லுகளுக்குக் கல்.
சட்டத்துக்குக் கீழே தென்னங்குற்றி இரண்டு.
அதையும் நம்பாமல்
கழற்றிய சில்லை உள்ளே தள்ளிவிட்டுப் படுத்தேன்.

கீழே கிடந்து பார்த்தால்
வண்டி வேறு ஆள்.
படுவான்கரை வயல்சேறு,
இடுப்பளவு வெள்ளத்தில் ஓட்டிய ஒரு கார்த்திகை,
கசிந்து காய்ந்த எண்ணெய்.
சொக்கைக் கழற்றிக் கையால் அமுக்கினேன்.
உள்ளே போனது. வரவில்லை.

ஷக்கிள் நட்டு அசையவில்லை.
டீசல் ஊற்றினேன். தேத்தண்ணி குடித்தேன்.
ஸ்பெனரில் நீளப் பைப்பைச் செருகி
வாயில் வந்ததைச் சொல்லித் தொங்கினேன்.
நட்டு இளகிய அதே நொடியில்
முழங்கைத் தோலும் இளகியது.

புஷ் இருந்த இடத்தில்
ரப்பர் என்று சொல்ல ஏதுமில்லை.
ஒரு பக்கம் கடதாசி,
மறுபக்கம் நனைந்த பாண்கரை.
வாள் அலகால் கீறி எடுத்து
புதியதுக்குச் சவர்க்காரத் தண்ணி பூசினேன்.

தவமலர் டோர்ச் பிடித்தாள்.
வெளிச்சம் அடிக்கடி வேலிப்பக்கம் போனது.
அந்தப் பக்கம் அவள் தங்கச்சி யோகமலரின் வளவு,
என் சகலன் புவிராசா.
எல்லையில் ஒரு தென்னை.
தேங்காய் யாருக்கு என்ற கேள்வியில்
இரண்டு வருடமாக இரண்டு வீட்டுக்கும் கதை இல்லை.
"இஞ்ச பிடி கா" என்றால்
வெளிச்சம் திரும்பி வரும்.

எல்லாம் பூட்டினாலும்
கடைசி முறுக்கு உடனே கூடாது.
ஜக்கை இறக்கி, வண்டி தன் பாரத்தில்
நிலத்தில் நின்ற பிறகுதான்.
அந்தரத்தில் இறுக்கினால் ரப்பர் முறுகிக் கிழியும்.
இறக்கினேன். இறுக்கினேன்.
இருட்டிவிட்டது.

திங்கள் சந்தை முடிந்து வந்தேன்.
ஒழுங்கையின் மூன்று பள்ளத்தையும்
வண்டி விழுங்கிவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.
முன்கண்ணாடி கிலுங்குவது
முதல்முறையாகக் காதில் விழுந்தது.
இனி அதை வேறு பார்க்கவேண்டும்.

வீட்டில் ஆள் இல்லை.
அடுப்பில் உலை மட்டும் கொதித்தது.
கிடுகு வேலியில் ஆள் நுழையும் ஓர் இடைவெளி,
கம்பின் ஓரம் தேய்ந்து வழவழத்திருந்தது.
தேய்மானம் எனக்குத் தெரியும்.
இது நேற்றையது இல்லை.

அதற்குள்ளால்
கிணத்தடியில் அக்காவும் தங்கச்சியும்.
கோப்பையில் உப்புப் போட்ட மாங்காய்.
ஒருத்தியின் கால் மற்றவளின் மடியில்.
தவமலர் தலையைப் பின்னால் எறிந்து சிரித்தாள்.

புவிராசா தேங்காய் உரித்துக்கொண்டிருந்தான்,
அந்தத் தென்னையின் தேங்காய்.
நிமிர்ந்தான். என்னைக் கண்டான்.
அவர்களிடம் சொல்லவில்லை.
குனிந்து அடுத்த தேங்காயை எடுத்தான்.

எஞ்சின் சத்தம் எல்லா வேனுக்கும் ஒன்றுதான்,
ஒழுங்கையில் நாளுக்குப் பத்து வேன் போகும்.
கடக் கடக் மட்டும் என்னுடையது.
முதற்பள்ளத்தில் அவள் எழும்பியிருப்பாள்.
மூன்றாவதில் அரிசி உலைக்குள் விழுந்திருக்கும்.

ஏறி, வண்டியைப் பின்னால் எடுத்து
வளைவு மட்டும் போனேன்.
புதுப் புஷ், ஒரு முனகலும் இல்லை.

மறுகா
ஹோர்னை இரண்டு தரம் அமத்திவிட்டு
ஒவ்வொரு பள்ளமாய்
மெல்ல இறங்கி
மெல்ல ஏறி வந்தேன்.