நாற்பத்தோராவது பெட்டி

விறைத்துக் கிடக்கையில் வெண்ணெய்.
கண்ணாடியின் உறைபனியைச் சுரண்டிவிட்டு
மூன்றரைக்குப் புறப்பட்டால்
ஒன்று, இரண்டு, மூன்று
கேட்காமலே விழும்.
லாங்னாவ் சந்தி தாண்டி, ஆற்றுப் பாலம் தாண்டி
இருபது பெட்டிகள், முப்பது பெட்டிகள்,
பின் சீற்றில் பேப்பர் கட்டு குறையக் குறைய
ஸ்கோடா சூடேறும்.

நாற்பத்தோராவது பெட்டியோடு பாதை முடிகிறது.
பின்னுக்கு எடுத்தே ஆகவேண்டும்.
அங்கேதான் றிவேர்ஸ் பல்லைக் கடிக்கும்,
நறநறவென்று, பள்ளத்தாக்கே கேட்க.
கேர்பர் வீட்டுச் சமையலறை விளக்கு
அப்போது எரியும்.
கடித்தது என் பல் என்பதுபோலத் தலைகுனிந்து
திரும்பவும் தள்ளுவேன்.

"நீர் கால் முழுக்க அமத்தேல்லைப் போல" என்றார் குகபாலன்.
ஞாயிறு காலை கூப் வரை ஓட்டிப் பார்த்தார், நான்கு நிமிடம்.
"எனக்கு வடிவா விழுகுதே."
குளிர்ந்த காரில் எவரும் நல்ல சாரதிதான்.

அவருடைய தம்பி ஜெகசோதி
தொலைபேசியிலேயே தீர்ப்புச் சொன்னான்:
"கியர் பொக்ஸ் போச்சு, அண்ணி. ரெண்டாயிரத்து எண்ணூறு வரும்.
இல்லாட்டி நானூறுக்குத் தள்ளிவிடுங்கோ."
தொடாமல், கேட்காமல், முகராமல்.

விநியோகப் பட்டியலின் பின்பக்கத்தில்
நான் எழுதத் தொடங்கினேன்.
செவ்வாய்: மைனஸ் ஒன்பது, இருபத்தாறாம் நிமிடம்.
புதன்: மழை, பத்தொன்பதிலேயே.
வெள்ளி: பெடலை இரண்டு தரம் மிதித்தேன், விழுந்தது.
இதற்கு மட்டும் அடிக்கோடு.

சனி, பால் பண்ணை ஏற்றத்தில் எஞ்சினை நிறுத்தினேன்.
இருட்டு. ஆறும் இரும்பின் டிக், டிக்.
ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. றிவேர்ஸ்.
எல்லாம் போயின, முகம் சுளிக்காமல்.
திறப்பைத் திருகினேன்,
எஞ்சின் ஓடியது.
ஒன்றும் போகவில்லை.

தனியே இருந்து சத்தமாகச் சிரித்தேன்.
பிடிவாதம் பல்லிடம் இல்லை.
பிடிதான் விடவில்லை.
கியரைத் திட்டிய வாயால்
கிளச்சைக் கேட்டிருக்க வேண்டும்:
விடு என்று நான் மிதித்தபோது
விட்டாயா,
அரைவாசி விட்டுவிட்டு, விட்டேன் என்றாயா?

லூத்தியின் கராஜில் பட்டியலை வாசித்துக் காட்டினேன்.
இரண்டு தரம் மிதித்த இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தினார்.
ஆறவிடாமல் காரை அப்படியே தூக்கினார்.
ஒக்டோபரில் வேறெங்கோ புகைக்குழாய் மாற்றியவர்கள்
ஒரு கிளிப்பைத் திரும்ப மாட்டவில்லை.
கிளச்சின் குழாய் தொங்கிப்போய்
புகைக்குழாயோடு ஒட்டி உறவாடிக்கொண்டிருந்தது.
உள்ளே வருடக்கணக்காய் மாற்றாத எண்ணெய்,
சாயம் கூடின பிளேன் டீ.
சூட்டில் அது குமிழ் விட,
என் கால் சொன்னதெல்லாம்
குமிழுக்குள் அமுங்கிப் போயிருக்கிறது.

கிளிப், புது எண்ணெய், காற்று எடுத்த கூலி:
நூற்றிப் பத்து பிராங்.
"சின்னப் பிரச்சினையெண்டு நான் அப்பவே நினைச்சனான்"
என்றார் குகபாலன், ரசீதைப் பார்த்து.

திங்கள். மைனஸ் ஏழு.
நாற்பத்தோராவது பெட்டியில் பேப்பரைச் செருகிவிட்டு
பழக்கத்தில் இரண்டு தரம் மிதித்தேன்.
றிவேர்ஸ் சத்தமின்றி உள்ளே போயிற்று.
கேர்பர் வீட்டுச் சன்னல்
இருட்டாகவே இருந்தது.
மனிதர் எழும்பவில்லை.
ஹோர்ன் அடிக்கலாமா என்று
ஒரு கணம் யோசித்தேன்.