தொண்ணூற்றிரண்டு

எண்பது வரைக்கும் ஒன்றுமில்லை.
எண்பத்தெட்டில் கியருக்குப் பின்னால் இருக்கும் குழியில்
சில்லறை முணுமுணுக்கும்.
தொண்ணூற்றிரண்டில் ஸ்டியரிங்,
ஜுரம் கண்ட பிள்ளையின் கை.
நூற்றைந்தைத் தாண்டினால் போயே போய்விடும்.
தாண்ட விடுவதில்லை கேமரா.

காத்திவாக்கத்தில் வீடு, பூந்தமல்லியில் குடோன் வேலை.
மீஞ்சூரில் ஏறினால் வெளிவட்டச் சாலை
ஆளில்லாமல் கிடக்கும், தொண்ணூறுக்கென்றே போட்டதுபோல.

ரோடு அப்படி என்றேன் முதல் வாரம்.
ரோட்டைத் திட்டுவதற்குச் செலவில்லை.
இரண்டாம் வாரம் அதே ரோட்டில்
என்னை முந்திப்போன பழைய இண்டிகாவின்
பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த மாதா
ஆடாமல் அசையாமல் போனாள்.

மூலக்கடை. தஸ்தகீரின் பேலன்சிங் மெஷின்.
சக்கரத்தை மாட்டி, மூடியை இறக்கி,
சுற்றி நின்றதும் ஈயத்துண்டு ஒன்றை
விளிம்பில் வைத்துத் தட்டினான்.
சைபர், சைபர். பச்சை விளக்கு.
நானூறு ரூபாய்.
மறுநாள் தொண்ணூற்றிரண்டில் அதே ஜுரம்.

தண்டையார்பேட்டையில் அலைன்மென்ட் பார்த்தார்கள்.
"வண்டி நேராப் போறதுக்கும் நடுங்குறதுக்கும் சம்பந்தமில்ல சார்"
என்று காசை வாங்கிக்கொண்டு சொன்னார்கள்.
வியாசர்பாடியில் குணாளன்
கீழே படுத்து, கடப்பாரையால் நெம்பி,
புஷ் போச்சு, ஆர்ம் போச்சு என்று
மூவாயிரத்து எண்ணூறுக்குப் புதுசு போட்டான்.
ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து
"வெண்ணெ மாதிரி போவுதுண்ணே" என்றான்.
வியாசர்பாடிக்குள் தொண்ணூறுக்கு எங்கே போவது?
நாற்பதில் எல்லா வண்டியும் நல்ல வண்டி.

ஜெனிட்டா மணலி புதுநகரில் ஏறுவாள்,
பட்டாபிராம் போக. பெட்ரோலில் பாதி அவளுடையது.
ஆலையில் இரவு முழுக்க
பம்ப்புகளின் மேல் கருவி வைத்து
எது எவ்வளவு நடுங்குகிறது என்று எழுதும் வேலை.
காலையில் ஏறியதும் தூங்கிவிடுவாள்.
அன்றைக்குத் தூங்கவில்லை.

"பிரேக் போட்டா ஏறுதா?"
இல்லை.
"நியூட்ரல்ல உருட்டுங்க."
உருட்டினேன். எஞ்சின் அடங்கியது. நடுக்கம் அடங்கவில்லை.
போனை டேஷ்போர்டில் சாய்த்து வைத்தாள்.
திரையில் கோடு தாறுமாறாய் ஓடி
ஓர் இடத்தில் மட்டும் முள்ளாய் எழுந்து நின்றது.
"செகண்டுக்குப் பதினாலு.
இந்த ஸ்பீடுல உங்க சக்கரமும் பதினாலு தடவதான் சுத்தும்.
சுத்துக்கு ஒரு ஒதறல். எங்கியோ ஒரு பக்கம் கனம்ணே."
பிறகு தூங்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முன்சக்கரங்களைப் பின்னால் போட்டு ஓட்டினேன்.
கை நின்றது, சீட் நடுங்கியது.
குற்றவாளி இடம் மாறியது தெரிந்தது,
இருவரில் யார் என்பது தெரியவில்லை.

வீட்டு வாசலில் வலது சக்கரத்தைக் கழற்றிப்
படுக்கப் போட்டேன். ஒன்றுமில்லை.
இடதைப் போட்டேன்.
ரிம்மின் உள்வயிற்றில், வெளியிலிருந்து தெரியாத இடத்தில்
சாம்பல் நிறத்தில் ஒரு தடிப்பு, சிமென்ட்போல.
அனல்மின் சாம்பல். டிசம்பர் மழையில் குழைந்து ஏறி
வெயிலில் காய்ந்தது.
பக்கத்தில் அதேபோல் இன்னொன்று பெயர்ந்து விழுந்த தழும்பு.
எதிர்ப்பக்கம் தஸ்தகீரின் ஈயம்.

சேற்றையும் சேர்த்துத்தான் சமன் செய்திருக்கிறான்.
வீடு திரும்பும் வழியில், கண்டெய்னர் லாரிகள் தோண்டிய பள்ளத்தில்,
சேறு பாதி கழன்றுகொண்டது.
மருந்து மட்டும் முழு அளவில் நின்று உதைத்திருக்கிறது.

மிச்சத்தை ஸ்பேனரால் தட்டி எடுத்து
தெருமுனையில் மீன் விற்கும் மரியபுஷ்பத்தின் தராசில் வைத்தேன்.
நாற்பத்தொரு கிராம்.
"ஒரு கை நெத்திலிகூட வராது" என்றாள்.
தராசைக் கழுவிவிட்டுப் போகச் சொன்னாள்.

தஸ்தகீர் தன் ஈயத்தைத் தானே பிடுங்கினான்.
காசு கேட்கவில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை, தொண்ணூற்றிரண்டு.
சில்லறை வாய் திறக்கவில்லை.
ஜெனிட்டா பின்சீட்டில் ஷூவைக் கழற்றிவிட்டுத் தூங்குகிறாள்.
நடுங்காத ஸ்டியரிங்கை
நான்தான் இன்னும் இறுக்கிப் பிடித்திருக்கிறேன்.
முன்னால் ஒரு சாம்பல் லாரி.
தார்ப்பாயின் ஒரு மூலை அவிழ்ந்து அடித்துக்கொண்டிருக்கிறது.
கண்ணாடியில் முதல் தூறல், பழுப்பாய்.
வைப்பரைப் போட்டேன்.