கரிபாவில் தண்ணீர் குறைவு

லுசாக்காவில் இந்த ஜூனில்
கரண்ட் நாளுக்கு மூன்று மணிநேரம்.
அதுவும் ஊர் தூங்கும் மூன்று மணிநேரம்.
கரிபா அணையில் தண்ணீர் இல்லையாம்.
ஆகவே என் முன்னறையில்
இருநூறு லிட்டர் தண்ணீருக்கு
மூச்சு முட்டுகிறது.

அந்த ஏரிக்கு அடியில்
எங்கள் டோங்காக்காரர்களின் வயல்கள் கிடக்கின்றன.
வற்ற வற்ற வெளியே வருமா என்று
அண்ணன் ஹாமூங்கா போனில் கேட்டான்.
வயலும் வராது, கரண்டும் வராது,
போனை வை, சார்ஜ் தீர்கிறது என்றேன்.

மார்ச்சிலேயே தொடங்கிவிட்டேன்.
பதினெட்டு மீனில் ஏழை விற்றேன்.
கூட்டம் குறைந்தால் மூச்சு மிச்சம்.
(மருந்துக்கடை முதலாளி
இன்னும் நூறு குவாச்சா தர வேண்டும்.)
ஒரு பஞ்சு வடிகட்டி.
சந்தையில் பேரம் பேசிய பழைய கார் பேட்டரி.
அதில் ஓடும் குட்டிக் காற்றுப் பம்ப்.
தொட்டியைச் சுற்ற இரண்டு சிதெங்கே துணி,
மேலே என் கம்பளி.
இருட்டில் தீனி கிடையாது:
தின்றால் கழியும், கழிந்தால் நாறும்.
பம்ப்புக்குத் தனியாக எட்டு செல்.
இது மட்டும் பட்டியலிலேயே இருந்தது.

செவ்வாய் இரவு, ஒன்பது இருபது.
நமுகோலோ கதவைத் தட்டவில்லை, அறைந்தாள்.
லிசேலிக்கு மூச்சு இழுக்கிறது,
ஆவி மருந்து மிஷினுக்குக் கரண்ட் இல்லை,
உன்னிடம் பேட்டரி இருக்கிறதாமே.

டார்ச் வெளிச்சத்தில்
மூலையில் நின்றாள் நீலக் கோட்டுக்காரி.
வாய் நிறைய முட்டை.
ஒரு கவளம் நிஷிமாவை
விழுங்காமல் அடக்கிக்கொண்டவள் போல.
பதினாறு நாளாய்ப் பட்டினி.

இரண்டு கிளிப்தான், இரண்டு நொடி வேலை.
எனக்கு ஒரு நிமிடம் ஆனது.
அந்த ஒரு நிமிடத்தை
யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு குவளை.
மொண்டு, ஒரு சாண் உயரத்தூக்கி, ஊற்று.
நூறு முறை.
பத்து நிமிடம் கையை உதறு.
மறுபடி நூறு.
மேலிருந்து தண்ணீர் விழுந்தால் கரண்ட் வரும்,
அவ்வளவுதானே அணைக்கட்டின் மொத்தக் கதையும்.
என் கையிலிருந்தும் விழுகிறது.
வருவது நாலு குமிழி.

சுவருக்கு அந்தப் பக்கம் மிஷினின் முனகல்.
அது நின்றபோதெல்லாம்
என் குவளையும் அந்தரத்தில் நின்றது.
அப்புறம் ஒரு இருமல் கேட்கும்.
ஊற்றுவேன்.
நள்ளிரவுக்கு மேல் எண்ணிக்கை தவறிவிட்டது.
தோள் தனியாகக் கழன்று
வேறு யாருடையதோ ஆகியிருந்தது.

மூன்று நாற்பதுக்குக் கரண்ட்.
தெருவே ஹோ என்றது.
நான் சுவிட்சைத் தொடவில்லை.
மூடிய வடிகட்டிக்குள்
நாளெல்லாம் தேங்கிய தண்ணீர் விஷம்.
போன வருஷம் இதே சந்தோஷத்தில்
சுவிட்சைப் போட்டு ஆறைக் கொன்றவள் நான்.
வாளியில் கவிழ்த்து,
தொட்டித் தண்ணீரிலேயே அலசி,
விரல் மரத்து,
பிறகுதான் போட்டேன்.

விடிந்தபோது ஒன்று மிதந்தது.
கிழட்டு ஆண், முரடன்,
என் விரலைக்கூடக் கடித்தவன்.
நீலக் கோட்டுக்காரியின் தாடை
அப்படியே உப்பியிருந்தது.
உள்ளே எத்தனை உயிர் என்று
வாயைத் திறந்தால்தான் தெரியும்.
அவள் திறப்பதாக இல்லை.

ஏழு மணிக்கு நமுகோலோ
பேட்டரியை இடுப்பில் வைத்துக் கொண்டுவந்தாள்,
குழந்தையைத் தூக்குவதுபோல.
குழந்தை பின்னால் நடந்து வந்தான்.
முனைகளைத் துடைத்திருந்தாள்.
நன்றி சொல்ல வாயெடுத்தாள்;
டீ போடவா என்று நான் குறுக்கிட்டேன்.

லிசேலி தொட்டியில் மூக்கை அழுத்தினான்.
கண்ணாடியில் அவன் மூச்சு
வட்டமாகப் படிந்தது, சுருங்கியது,
மறுபடி படிந்தது.
அந்த மீன் ஏன் பேசமாட்டேன் என்கிறது
என்று கேட்டான்.

செல் வாங்க வேண்டும்.
எட்டு. பெரியது.