குனியா

கதவைத் தட்டினால் முதலில் போன்ஜூர்.
அப்புறம், கொல்லையைப் பார்க்கலாமா.
பூச்சட்டிக்கு அடியில் தட்டு,
நாய்க்கு வைத்த கிண்ணம்,
கழற்றிப்போட்ட டயர்,
கூரைத் தண்ணீர் விழும் பீப்பாய்.
சேன்த்-ஆந்த்ரேயில் நாளைக்குப் பதினான்கு வீடு.
எல்லாவற்றையும் குனிந்துதான் பார்க்கவேண்டும்.
டார்ச் அடித்தால்
தலைகீழாய்த் தொங்கிக் கூத்தாடும் புழுக்கள்
வெளிச்சம் பிடிக்காமல் அடிக்கு ஓடும்.
கவிழ்ப்பேன். எழுதுவேன்.
தெரு, எண், தட்டு எத்தனை, புழு உண்டா,
கடைசிக் கட்டத்தில்
கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர்.

அந்தக் கட்டத்தை யாரும் மதித்ததில்லை.
நானும்தான்.
காரைக்காலில் பிறந்தவளுக்கு உயரம் என்றால்
மாதா கோயில் மணிக்கூண்டு.

இங்கே ஆடியில்தான் குளிர்.
தை பிறந்தால் வழி பிறக்காது, புயல் பிறக்கும்.
மாதங்களைத் தலைகீழாய் மாட்டிக்கொள்ள
எனக்கு ஆறு வருடம் ஆயிற்று.
பழகி முடித்த ஏழாவது வருடம்
ஆடியில் யாரும் போர்வையை எடுக்கவில்லை.
குளிரில் சாகவேண்டிய கொசு சாகவில்லை.
அவ்வளவுதான் செய்தி.

மாசியில் மருந்துக்கடை வரிசை தெருமுனை தாண்டியது.
தபால்காரர் கிளோவிஸ் படியேற மாட்டாமல்
வாசலில் நின்று பெயர்களைக் கூவினார்.
மதாம் வேலாயுதோமுக்கு மணிக்கட்டு திரும்பவில்லை.
கற்பூரத் தட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு
இடுப்பிலிருந்து உடம்பையே ஒரு வட்டம் சுற்றினாள்.
சாமி முன்னால் இருந்த செம்பில்
நாற்பது புழு எண்ணினேன்.
கிரியோலில் ஏதோ மறித்துச் சொன்னாள்,
நடுவே ஒரு சொல் மட்டும் தமிழ்: தீர்த்தம்.
கவிழ்த்தேன்.
மன்னிப்பு யாரிடம் கேட்பதென்று தெரியாமல்
செம்பிடம் கேட்டேன்.

பங்குனியில் எனக்கு வந்தது.
மூன்று நாள் காய்ச்சல், பிறகு மூட்டு மட்டும்.
விரலுக்கு விரல் துருப்பிடித்த கீல்.
சிக்குன்குனியா.
கடைசி மூன்றெழுத்தைப் பாருங்கள்,
பெயரிலேயே சொல்லித்தான் வந்திருக்கிறது.
எனக்கு ஒரே சிரிப்பு.
மேலதிகாரி ஃப்ரெதெரிக்கிடம் சொன்னேன்.
பிரெஞ்சில் விளக்க விளக்கச் சிலேடை செத்துப்போனது.
தெருவுக்குத் தெரு தமிழ்ப் பெயர்ப்பலகை,
சேர்ந்து சிரிக்க ஓர் ஆள் இல்லை.

விடுப்பு எடுத்தால் ஒப்பந்தம் போகும்.
காய்ச்சல் நின்றாலும் போகும்.
இதை எந்தச் சாமியிடம் எப்படி வேண்டுவது?

சித்திரையில் மலைக்கு அனுப்பினார்கள், சலாஸிக்கு.
அருவி பாதையில் சிந்தும் ஊர்.
சரிவெல்லாம் ஷூஷூப் பந்தல், நம் சௌசௌதான்.
அங்கே கொசு ஏறாது,
சும்மா கையெழுத்து வாங்கி வா என்றார் ஃப்ரெதெரிக்.

கடைசி வீட்டில் லோரான்ஸ் க்ரோந்தேன், எட்டு மாதம்.
ஆந்தூரியச் செடிக்குப் பக்கத்தில்
சட்டி போன ஒரு நீலத் தட்டு. மழைத் தண்ணீர்.
நான் குனியப் பார்த்தேன், முழங்கால் மறுத்தது.
அவள் குனியப் பார்த்தாள், வயிறு மறுத்தது.
இரண்டு பெண்கள், ஒரு தட்டு.
அவள்தான் முதலில் சிரித்தாள்.
நானும் சிரித்தேன்;
சிரிக்கவும் மூட்டு வேண்டியிருக்கிறது.

நின்றபடியே டார்ச் அடித்தேன்.
வெளிச்சம் பட்டதும் அடிக்கு ஓடியது
ஒன்று. பிறகு ஏழு.

அவள் கை வயிற்றுக்குப் போனது.
பிரசவ நேரத்தில் தாய்க்குக் காய்ச்சல் வந்தால்
பிள்ளைக்கு என்னவென்று
என் பையிலிருந்த துண்டுத்தாளில் போட்டிருக்கிறது.
நான் எடுக்கவில்லை.
அவள் கேட்கவுமில்லை.

செருப்பைக் கழற்றினாள்.
வீங்கிய பாதத்தைச் சுவரைப் பிடித்துத் தூக்கி
பெருவிரலைத் தட்டுக்கடியில் நுழைத்தாள்.
ஒரே உதை.

தண்ணீர் சரிவில் இறங்கி, பந்தல் காலைச் சுற்றி
மண்ணுக்குள் போனது.

கடைசிக் கட்டத்தில் எழுதினேன்: 910.
பேனாவைப் பிடிக்க
இரண்டு கையும் வேண்டியிருந்தது.